சாவடி தாண்டிய சோறு

என் மச்சான் பதுர்தீனுக்கு எங்கள் ஊர் யட்டவத்த மலைமேல் தீராத கோபம். மிளகுக்கொடி பட்டுப்போனாலும் சரி, பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரி, மலையைத்தான் ஏசுவார். "இந்தக் கல்லுல எவன் முன்னேறுவான்? மண் நல்லா இருந்தா நாமளும் மனுஷனா இருந்திருப்போம்." அவர் மனைவி, என் அக்கா ஸக்கியா ராத்தா, மரவள்ளிக்கிழங்கை உரிப்பாள்.

கடைசியில் மனிதர் மலைக்கு அப்பால் சமவெளியில், வில்கமுவவில் காடு வெட்டி வயல் செய்தார். மலேரியாவில் செத்துப் பிழைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நெல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊரில் படுக்கையில் கிடந்த தாயிடம் ஓடினார். "உம்மா, பேரன்ட கல்யாண வலீமா விருந்துக்கு நம்ம வயல் அரிசிதான். மொதல் கவளம் ஒங்களுக்கு."

அந்த வருஷம் பார்த்துத்தானா! அரிசியை இஷ்டத்துக்கு ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். வழியில் பொலிஸ் சாவடி. மூட்டையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெர்மிட்டுக்கு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள்.

"இப்ப எந்த மலை மறிச்சிச்சு?" என்றாள் ராத்தா. மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வழி சொன்னவளும் ராத்தாதான். "அரிசி வராட்டி நாம போவோம்." கல்யாண வீடே லொறியேறி வில்கமுவவுக்குப் போனது. வயலோரம் அடுப்பு மூட்டி, பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறாறு பேராக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றோம். மச்சான் மட்டும் ஒரு வாய் வைக்கவில்லை. ஒரு சஹன் சோற்றை வெள்ளைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு லொறி ஏறினார்.

சாவடியில் பொலிஸ்காரர் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், "அரிசி இருக்கா?"

"இருக்கு, சேர்" என்றார் மச்சான். எனக்கு உயிரே போய்விட்டது. "எல்லார்ட வயித்துலயும் இருக்கு. உம்மாட பங்கு மட்டும் என்ட மடியில. வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா நீங்களே வந்து அவங்ககிட்டச் சொல்லணும்."

பொலிஸ்காரர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு தானே முடிச்சுப் போட்டுக் கொடுத்து, தடையை உயர்த்தச் சொன்னார்.

வீட்டில் உம்மா ஒரு கவளம் மென்றார்.

"உப்புக் கொறவு, மகன்" என்றவர், அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.

மச்சான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு அவர் மலையை ஏசி நான் கேட்டதில்லை. மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை கந்தோரைத்தான் ஏசினார்.