ஒன்றாம் எண் பெட்டி

இரும்பு உத்தரங்கள் செய்யும் அந்தப் பட்டறையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். டீ குடிக்கக்கூட உட்காரமாட்டாள். டம்ளரைக் கையில் பிடித்தபடியே கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள். கிரேன் ஓட்டுவது அவள் வேலை. கூரைக்கடியில் தண்டவாளத்தின் மேல் ஓடுகிற கிரேன் அது. அதிலிருந்து தடித்த கேபிள் ஒன்று கீழே தொங்கும், நுனியில் பட்டன் பெட்டி. கிரேன் போகிற பக்கமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும்.

"என்னைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்று தம்பியிடம் அலுத்துக்கொள்வாள். அவனும் அங்கேதான் வெல்டர்.

அதனால் ரிமோட் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளும் மஞ்சள் பெட்டி. வயரே கிடையாது. எங்கே நின்றால் சுமை நன்றாகத் தெரியுமோ அங்கே நிற்கலாம். கொட்டகையில் நடுத்தூண் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு கிரேன், அந்தப் பக்கம் ஒன்று. பெட்டிகளும் இரண்டு. ஸ்டிக்கரில் எண் ஒட்டியிருக்கும். ஒன்றாம் எண் அவளுடையது.

கொஞ்ச காலத்தில் இரண்டு பெட்டிகளிலும் பட்டன்கள் தேய்ந்து இறுகிப்போயின. எலக்ட்ரீஷியன் இரண்டையும் ஒரே மேசையில் பிரித்துப் போட்டுச் சரிசெய்து, சார்ஜர் பலகையில் திரும்ப வைத்தார். மறுநாள் காலை அவள் தன் பெட்டியை எடுத்தாள். சாவியைத் திருப்பினாள், பச்சை விளக்கு எரிந்தது. மேலே தூக்கும் பட்டனை அழுத்தினாள். தலைக்கு மேலிருந்த கொக்கி அசையவில்லை.

"காலங்காத்தால மக்கர் பண்ணுது" என்று முணுமுணுத்து, இன்னும் அழுத்தமாக, இன்னும் கொஞ்சம் நேரம் அழுத்தினாள்.

தூண்களுக்கு அப்பாலிருந்து அலறல் கேட்டது.

அங்கே இரண்டாம் கிரேன், ரிமோட்டுகள் பழுதுபார்க்கப் போகும் முன்பே மாட்டிய ஓர் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர், தன் பெட்டியின் சாவியை எடுத்துவிட்டதால் கிரேன் அணைந்துவிட்டது என்ற நம்பிக்கையில் டீ குடிக்கப் போயிருந்தார். அவளுடைய தம்பி உத்தரத்தின் முனையில் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஆளில்லாத கிரேன் தானாக இழுத்ததில், உத்தரம் அடியில் முட்டுக்கொடுத்திருந்த தாங்கியிலிருந்து நழுவி அவன் தொடையைத் தூணோடு சேர்த்து அழுத்திவிட்டது.

கிரேனை நிறுத்தும் சிவப்புப் பட்டனைக் குத்திவிட்டு ஓடினாள். ஓடும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருப்பது தன் பெட்டி இல்லை.

"ரிமோட்டைக் கீழ போடு! எதையும் தொடாதே!" என்று ஃபோர்மேன் கத்தினார்.

"இதை வெச்சுத்தான் எடுக்க முடியும்ணே. இது அந்தக் கிரேனோடது."

"பைத்தியமா உனக்கு?"

தம்பி முகம் வெளுத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, எடுத்துடு."

சிவப்புப் பட்டனை விடுவித்தாள். எந்தப் பட்டன் அவனை நசுக்கியதோ அதற்குப் பக்கத்திலிருந்த, கீழே இறக்கும் பட்டனில் விரலை வைத்தாள். தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு. உத்தரம் விலகியது. இரண்டு பேர் அவனை இழுத்து வெளியே எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. பிரித்த பெட்டிகளை மூடும்போது உள்ளிருந்த சர்க்யூட்டுகள் இடம் மாறிவிட்டன. ரிமோட்டை அழுத்தியதும் ஏதோ ஒரு கிரேன் நகர்ந்ததைப் பார்த்து, எது நகர்ந்தது என்று பார்க்காமலே எலக்ட்ரீஷியன் வைத்துவிட்டார். அவரே ஒப்புக்கொண்டார். "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று முதலாளி சொன்னார்.

தம்பி மனைவி அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "மெஷின் தப்புங்கறாங்க, மாத்தி மூடினவர் தப்புங்கறாங்க. பட்டனை அமுக்கினது யாரு அண்ணி?"

அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தாள். அலமாரியிலிருந்த துணிகளையெல்லாம் இறக்கி மடித்து அடுக்கினாள், மறுபடி இறக்கினாள். ஃபேன் சுவிட்சைப் போடும் முன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். லிஃப்ட் பட்டனை அழுத்த மனம் வராமல் படியேறினாள். கணவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டைவிரல் மேசையில் எதையோ அழுத்திக்கொண்டிருக்கும்.

"டாக்டரைப் பாக்கலாமா?" என்று அவர் கேட்டார்.

"நடந்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள். நடை எப்படியும் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் முடியும். உள்ளே போனால் தம்பி சிரிப்பான். "கொஞ்சம் உக்காருக்கா. நீ நடக்கறதைப் பாத்தா எனக்குத்தான் கால் வலிக்குது."

அவன் ஊன்றுகோலுக்கு வந்தபிறகு அவளும் பட்டறைக்குத் திரும்பினாள். இதற்குள் பெட்டிக்கும் கொக்கிக்கும் ஒரே நிறமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், ஒரு கிரேனுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம். அவளுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு முறையும் ஹாரன் அடிப்பாள். வெறும் கொக்கியைச் சற்றே தூக்கி, எது நகர்கிறது என்று அண்ணாந்து பார்ப்பாள். அப்புறம்தான் சுமையை மாட்டச் சொல்வாள். "இப்படியே போனா பொழுது விடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வேலைக்கு வந்த அன்று, இப்போது அவள் கிரேன் பக்கமே மாற்றியிருந்த அவனிடத்துக்கு ஓர் உத்தரம் போக வேண்டியிருந்தது. அவள் பெட்டியைக் கழற்றி மற்ற ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"இதை மட்டும் நீங்க தூக்குங்களேன்."

தம்பி கேட்டுவிட்டான். "நீயே தூக்குக்கா. வேற யாராவது தூக்கினா, நான் வேலையைப் பாக்கறதா, அண்ணாந்து பாக்கறதா?"

ஹாரன் அடித்தாள். கொக்கியைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். உத்தரம் மெல்ல எழுந்து, தூண்களின் ஓரமாக நகர்ந்து, தாங்கிகளின் மேல் சத்தமில்லாமல் அமர்ந்தது. தம்பி கையசைத்துவிட்டு முகமூடியை இறக்கினான். அவள் பெட்டியின் சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து பட்டறையைச் சுற்றி வேகமாக ஒரு நடை நடந்தாள், அப்புறம் இன்னொன்று.

சாயங்காலம் தம்பி மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது. பழைய வாஞ்சை குரலில் இல்லை.

"அவரு வந்து சேந்துட்டாரு அண்ணி" என்றாள். "நாளைக்கும் நீங்கதானே தூக்குவீங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் இவள், ஃபோனைக் காதில் வைத்தபடி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே.