ஓவர்லோடு சாப்பிட உட்கார்ந்த வருஷம்

லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் போதும். அதைப் பத்துத் தடவை அமுக்குகிற ஜென்மங்களைப் பார்த்தாலே ஓவர்லோடுக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கேபின் கூரைமேல் குந்திக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறவனுக்கு உள்ளே நிற்பவர்களின் பேச்செல்லாம் காதில் விழும். வீடு வாங்கினது, வேலை மாறினது, அடுத்த வீட்டுச் சண்டை. இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பான்.

ஓவர்லோடு என்பது கம்பெனியில் விழுந்த பேர். முப்பத்தாறு வயதில் ஆள் நல்ல கனம். புதுக் கட்டடம் ஒன்றில், எட்டுப் பேர் ஏறியிருந்த லிஃப்டில் ஒன்பதாவதாக இவன் காலை வைத்ததும் எடை கூடிவிட்டதென்று மணி அலறியது. சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவன் ஓவர்லோடுதான். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பாதியாக்கினான்.

முதல் ஆறு மாதம் எல்லாரும் கைதட்டினார்கள். முதுகில் தட்டினவன் எத்தனை பேர், ரகசியம் கேட்டவன் எத்தனை பேர். அதே சூப்பர்வைசர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் சொல்லிக்குடுப்பா" என்று குழைந்தார். கண்ணுக்கு முன்னால் ஒரு மனுஷன் கொஞ்சங்கொஞ்சமாகக் காணாமல் போகிறான். நின்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறது கூட்டம். பாதி, கால் ஆயிற்று. பிறகு சாப்பாட்டைப் பற்றி அவன் யோசித்ததுபோய், அவனுக்குப் பதிலாக உள்ளே ஏதோ ஒன்று யோசிக்க ஆரம்பித்தது. நாலு வருஷத்தில் சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டி வந்தது. பேர் மட்டும் மாறவில்லை.

மனைவி பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். துளித்துளியாக அளந்து ஊற்றியே பழகின கண். அந்தக் கண்ணிலேயே கடைசி ஒரு வருஷம் மண்ணைத் தூவினான். வெளியே சாப்பிட்டேன், வேலையிடத்தில் கொடுத்தார்கள், வயிறு சரியில்லை என்று நாளைக்கொரு கதை. பொய் சொல்வதில் தனக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டென்று அவனுக்கே அதுவரை தெரியாது.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தான். கூட இருந்த மெக்கானிக் ஒற்றை ஆளாய்த் தூக்கிவந்தார். "டூல்ஸ் பை கனம்கூட இல்லப்பா" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். அதிலும் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஆஸ்பத்திரியில் நாடி மிகவும் மெதுவாக ஓடியது. டாக்டரம்மா இரண்டு நாள் பரிசோதனை முடித்து, இது சாப்பாட்டைச் சுற்றி மனசில் உண்டாகிற நோய், சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஓவர்லோடுக்குச் சிரிப்பு வந்தது.

"அது சின்னப் பொண்ணுங்களுக்கு வர்ற வியாதி டாக்டர். எனக்கு நாப்பது வயசு."

"உங்க இதயத்துக்கு அந்த விஷயம் தெரியல," என்றார் அவர், குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

பதினோரு நாள் படுக்கை. வீட்டுக்கு வந்ததும் யோசனை சொல்கிறவர்கள் வரிசைகட்டி நின்றார்கள். நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு அத்தை கண்டுபிடித்துச் சொன்னாள். மனைவியின் அண்ணன், வீட்டுமனைத் தரகர், எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருக்கிறவர். உடம்பைப் பேசவைக்கிற குரு ஒருவர் இருக்கிறாராம், மலைமேல் முகாமாம், ஏழு நாளில் எல்லாம் சரியாம். காரில் ஏற்றிக்கொண்டு போய் அவரே இறக்கிவிட்டும் வந்தார்.

அங்கே ஏழு நாளும் வாயைத் திறக்கக் கூடாது, பேசவும் கூடாது, பழச்சாறு தவிர எதையும் உள்ளே தள்ளவும் கூடாது. சாப்பிட முடியாமல் கிடக்கிறவனைக் குணப்படுத்தப் பட்டினி போடுகிற வைத்தியம். குருவின் முகத்தில் சதை மின்னியது. அவர் சாப்பாடு தனிக் கட்டடத்தில் நடந்தது என்று வாசனையை வைத்தே ஓவர்லோடு கண்டுபிடித்துவிட்டான். ஆள் சுத்தப் புரட்டு என்று முதல் மணிநேரத்திலேயே தெரிந்தும் ஏழு நாளும் இருந்தான். சந்தோஷமாக இருந்தான். உள்ளே இருந்த நோய்க்கு அது விருந்து; யாரும் சாப்பிடு என்று சொல்லாத இடம். திரும்பி வந்தவனின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் மனைவிக்கு விஷயம் புரிந்துபோனது. அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, இனி இந்த விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் லீவு போட்டு, புருஷனை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா இருக்கிற வழிகளைச் சொன்னார். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேசுவது, கூடவே உணவு நிபுணர் எழுதித்தருகிற நேரப்படி வீட்டில் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைப்பது. அது போதாவிட்டால் ஆஸ்பத்திரியின் பகல்நேரப் பிரிவு. காலையில் வந்து அங்கேயே சாப்பிட்டு, மாலை வீட்டுக்குப் போகலாம். அதுவும் முடியாவிட்டால் மறுபடி வார்டு. எடை ஏறுவது மட்டும் குணம் ஆகாது, ஆனால் அது இல்லாமல் மற்றது எதுவும் தலைக்குள் ஏறாது என்றார். மாதக்கணக்கில் ஆகலாம், வருஷமும் ஆகலாம்.

ஓவர்லோடு முதலாவதைத் தேர்ந்தெடுத்தான். ஏமாற்றுவதற்கு அதில்தான் வசதி. ஆறு வாரத்தில் எடை இன்னும் இறங்கியது. பகல்நேரப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு அறை, வட்டமேஜை, ஏழு நாற்காலி, சுவரில் சூரியகாந்திப் படம். அந்தப் படத்தைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டியது. உட்கார்ந்திருந்தவர்களில் நாலு பேர் கல்லூரிப் பெண்கள், ஒருத்தி பல் டாக்டர். நர்ஸ் ஒருவர் எல்லாரோடும் சேர்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார். முடித்தபிறகு அரைமணி நேரம் யாரும் எழுந்து போகக் கூடாது. நாப்பது வயது ஆம்பளையைப் பால்வாடிப் பிள்ளை மாதிரி உட்காரவைத்திருக்கிறார்களே என்று அவன் உள்ளுக்குள் புகைந்தான். அந்தப் பெண்கள் பட்டாணியைத் தட்டில் உருட்டுவதைப் பார்த்து, இதுகளுக்கெல்லாம் வேறு வேலை இல்லை என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டே தன் ரொட்டியைக் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற அளவில் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அவர்களில் ஒருத்தி எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுவாள். அவளுக்கு அகராதி என்று மனசுக்குள் பேர் வைத்திருந்தான். அவள்தான் சொன்னாள்: "அங்கிள், எவ்வளவு பிச்சாலும் அது அதே ரொட்டிதான். நாங்க எல்லாரும் பிச்சுப் பாத்தாச்சு."

ஆலோசகர் முப்பதைத் தாண்டாத ஆள். அவருடைய அறையில் ஓவர்லோடு உலகத்தையே கிழித்துக் காயப்போடுவான். பகல்நேரப் பிரிவுக்கு வந்த மூன்றாவது வாரம் அவர் நிதானமாகக் கேட்டார்.

"உங்க மச்சான் பேச்சைக் கேப்பீங்களா?"

"அந்தாளா? கால்காசு பெறாத பேச்சு."

"சூப்பர்வைசர்?"

"சுத்த மண்ணு."

"நான்?"

ஓவர்லோடு ஒளிக்கவில்லை. "நீங்க இன்னும் வளரணும் தம்பி."

"சரி. உலகத்துல ஒருத்தரையும் நீங்க மதிக்கிறதில்ல. ஆனா சாப்பிடாதன்னு உள்ள ஒண்ணு சொல்லுதில்ல, அதுக்கு மட்டும் எந்திரிச்சு நின்னு கை கட்டுறீங்க. அதுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு மரியாதை?"

ஓவர்லோடு எழுந்துவிட்டான். கோபத்தில் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினான். இரண்டு நாள் அந்தப் பயலைத் திட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் மேஜையில் உட்கார்ந்தபோது உள்ளே அது பேச ஆரம்பித்தது. முதல்முறையாக அவன் அதைக் காதுகொடுத்துக் கேட்டான், கேபின் கூரைமேல் உட்கார்ந்து கேட்பதுபோல. நாலு வருஷமாக அதே மூன்று வாக்கியம். சொந்தக் குரல்கூடக் கிடையாது. சூப்பர்வைசரின் இழுப்பில்தான் பேசியது. இந்த அறிவுகெட்டதற்கா இத்தனை நாள் சேவகம் பண்ணினோம் என்று வெட்கமாக இருந்தது.

ரொட்டியை முழுசாக எடுத்துக் கடித்தான். ருசிக்கவில்லை. வயிற்றில் கல்லை வைத்ததுபோல் இருந்தது.

"மூஞ்சியப் பாத்தா ரொட்டி உங்களுக்குத் துரோகம் பண்ணின மாதிரி இருக்கு," என்றாள் அகராதி.

"பண்ணியிருக்கு," என்றான். அவள் சிரித்துவிட்டுத் தன்னுடையதைக் கையில் எடுத்தாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு நாளைக்குத் தோற்றான், மறுநாள் பாதி ஜெயித்தான். ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினபோது, டாக்டர் சான்றிதழ் வரும்வரை மெஷின் ரூம் பக்கம் வரக்கூடாது என்று புகார் வாங்குகிற போனில் உட்காரவைத்தார்கள். பட்டனைப் பத்துத் தடவை அமுக்குகிறவர்களோடு நாளெல்லாம் பேச்சு. அந்த எரிச்சலில் மறுபடி சாப்பாட்டைக் குறைத்தான். மனைவி பத்தே நாளில் பிடித்துவிட்டாள். இன்னும் ஆறு வாரம் சூரியகாந்திப் படம். பிறகுதான் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்க அனுமதி கிடைத்தது.

நோயை வென்றவர் என்று மேடையேறிப் பேச ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். வென்றதற்கு அத்தாட்சி இருந்தால் காட்டுங்கள், வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தார். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே ஓவர்லோடைப் பார்த்து, "என்ன மாப்ள, கன்னத்துல சதை வச்சிருச்சு. பாத்துக்குங்க, மறுபடி பழையபடி ஆயிடப்போகுது," என்றார்.

ஓவர்லோடு கரண்டியைக் கீழே வைத்தான். "மச்சான், என் உடம்பப் பத்தி இனிமே இந்த வீட்டுல யாரும் பேசக்கூடாது. பேசியே ஆகணும்னா சுவத்துகிட்டப் போய்ப் பேசுங்க. அது உங்களுக்கு சரிசமமா பதில் சொல்லும்."

மச்சான் பாயசக் கிண்ணத்தைக்கூடத் தொடாமல் கிளம்பினார். கதவு சாத்தினதும் ஓவர்லோடு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் சொன்னது உள்ள போயிடுச்சு," என்றான் மெதுவாக.

"தெரியும்," என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழமை கவுன்சலிங்ல அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க. இப்ப சோறு ஆறுது."

அவள் தன் தட்டை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் பிடித்தது. முடித்தான்.