பின்கதவைத் தாண்டிப் போன பாதை

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் தைத்து முடித்த ரவிக்கைகள், மேஜைக்கடியில் வெட்டுத்துணி மூட்டை. கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் பழைய ரயில் மேடு. ரயில் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் முள்ளும் புதரும் மண்டி, ஊர்க் குப்பையெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. பாம்புக்குப் பயந்து பின்கதவை அவர்கள் திறப்பதே இல்லை.

அந்த மேட்டை ஆறு வரைக்கும், அங்கிருந்து கரையோரமாகவும், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக்கப் போவதாக ஒரு இன்ஜினியர் வந்து கூட்டம் போட்டார். பாதித் தெரு எதிர்த்தது.

"கண்டவனும் நம்ம கொல்லைப்பக்கம் வருவான். முதல்ல மதில் கட்டிக் குடுங்க, அப்புறம் பாதை போடுங்க" என்றார் மளிகைக்கடைக்காரர்.

டெய்லரக்கா எழுந்து நின்றாள். "மதில் கட்டினா பாம்பு திரும்பிப் போயிடுமாண்ணே? நாலு பேர் நடமாடினா அந்த இடம் தன்னால சுத்தமாகும். எனக்கு மதில் வேணாம் சார், காத்தாவது வரட்டும்."

கூட்டம் சிரித்தது. அதற்கப்புறம் அவள் வீடு வீடாகப் போய்ப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். "இந்தத் தெருவுக்கு அக்காதான் லீடர்" என்று இன்ஜினியர் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

பாதை திறந்த புதிதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமானால் அவளும் கணவரும் பின்கதவைத் திறந்துகொண்டு நடக்கப் போவார்கள். அவர் பாதையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பள்ளம்கூட இல்லையே, தப்பா போட்டுட்டாங்க போல" என்பார். அவர் பகடி பேசிக்கொண்டே வர, அவள் மூட்டுவலியையும் மறந்து ஆறு வரை போய்விடுவாள்.

அவருக்கு மறதி வந்ததை முதலில் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடினார், வயசு என்று நினைத்தாள். சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு வந்து, "சாப்பாடு போடலையா?" என்று கேட்டபோதுதான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். இது போகப் போகக் கூடும், குறையாது என்று ஊரிலிருந்து வந்திருந்த மகளிடம் தனியாகச் சொன்னார்.

அதன்பின் அவர் தனியாக நடக்கத் தொடங்கினார். அவள் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் பின்கதவு திறந்து கிடக்கும். தெருப்பக்கம் போனால் யாராவது தடுத்திருப்பார்கள். பாதையில் நடக்கிறவரை யார் தடுப்பார்கள்? நடப்பதற்குத்தானே பாதை. நல்ல சட்டை போட்டு, நேராக, வேகமாகப் போகிறவரைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார்கள்.

யாராவது அவரைக் கூட்டி வந்து விடுவார்கள். "உங்க வீட்டுக்காரரா? பாலத்துப் பக்கம் நின்னுட்டிருந்தாரும்மா." அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். பூட்டுப் போட்டால் கை சிவக்கக் கதவைத் தட்டினார். "வண்டி எடுக்கணும், ஆளுங்க காத்திருக்காங்க" என்று கெஞ்சினார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அவளால் தைக்க முடியவில்லை. தானே திறந்துவிட்டு, பின்னாலேயே நொண்டிக்கொண்டு நடந்தாள்.

ஒரு மழைக் காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். ஈரத்தலையோடு பாதையில் இறங்கினாள். ஆறு கரை தொட்டு ஓடியது. படித்துறையில் ஒரு செருப்பு கிடந்தது. அவருடையதா, வேறு யாருடையதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் பார்த்த செருப்பு, அந்த நேரத்தில் நிறம்கூட நினைவுக்கு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மளிகைக்கடைக்காரர்தான் சைக்கிளில் போய்க் கண்டுபிடித்தார். கரையோரம் பாதை இன்னும் போட்டு முடியாத இடத்தில், முழங்கால் சேற்றில் கணவர் நின்றிருந்தார். வேலையாட்கள் டீ கொடுத்திருந்தார்கள். செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன.

மறுநாள் அவள் இன்ஜினியரைப் பார்க்கப் போனாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால மட்டும் ஒரு வேலி போட்டுக் குடுங்க சார்."

அவர் அவளை உட்காரச் சொன்னார். "அக்கா, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? ஆனா பாதையோரம் யாரும் அடைக்கக் கூடாதுன்னு விதி. உங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க." மேஜையிலிருந்த வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினார். "வேலி போட்டாலும் அவர் தெருவைச் சுத்தி வந்து ஏறிக்குவாரேக்கா."

அது உண்மைதான். அவளுக்கும் தெரியும். வேறு யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல்தான் வந்திருந்தாள். இன்ஜினியர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. பாதையில் குழந்தைகள் சைக்கிள் பழகினார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் நடந்தார்கள். அது கெட்டது என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

சேதி கேட்டு மகள் வந்தாள். "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேம்மா. எங்களுது மாடி வீடு, லிஃப்டுக்கு வாட்ச்மேன் இருக்காரு. நீயும் வா."

"அங்க இருக்கிற ரெண்டு ரூம்ல நான் எங்கடி படுப்பேன்?"

மகள் அப்பாவின் துணிகளை மட்டும் மடித்துப் பையில் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் இருந்தார். காரில் ஏறும்போது கணவர் முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் எங்கே என்று தேடினார். அவள் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கார் திரும்பும்வரை தெருவே வாசலில் நின்றது.

இப்போது அவளுக்குத் தலைக்கு மேல் தையல் வேலை. வேண்டுமென்றே வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். மகள் அடிக்கடி போன் செய்து அவரிடம் கொடுப்பாள். போன வாரம் அவர் வெகு மரியாதையாகப் பேசினார்.

"சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா? உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"நல்லா இருக்காருங்க."

"கேட்டதா சொல்லுங்க" என்றார்.

மகள் போனை வாங்கி, "அம்மா, லைன்ல இருக்கியா?" என்றாள். இருப்பதாகச் சொன்னாள்.