ஒடுக்கு விழுந்த செம்பு

இன்று காலை செம்பைத் தேய்க்கும்போது பெருவிரல் அந்த ஒடுக்கில் போய் விழுந்தது. அவ்வளவுதான், இருங்காட்டுக்கோட்டை வாடகை வீட்டின் மீன்குழம்பு வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தால் சோற்றோடு சண்டையும் உண்டு. சொர்க்கத்துக்கு டிக்கெட் கிழிப்பதே இவர்கள்தான் என்பதுபோலப் பேசுவார்கள்.

"உலகம் உண்டாகும் முன்னாடியே கர்த்தர் ஆளைத் தெரிஞ்செடுத்துட்டாரு. மத்தவனுக்கு நரகந்தான்" என்பார் அப்பா.

"விசுவாசிக்கிறவன் எவனும் பிழைப்பான், அத்தான். விசுவாசிக்காதவனுக்குத்தான் நரகம்" என்பார் மாமா.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டின் நடுவில் அப்பா மாமாவின் கழுத்தைப் பிடித்தார். மாமா அவரைச் சுவரில் மோதினார். அப்பா திருப்பிக் குத்தியதில் மாமாவின் பல் ஒன்று குழம்பில் விழுந்தது.

அம்மா கேட்டாள்: "பிறந்து கண்ணு தொறக்காமலே செத்த எம் பிள்ள இப்ப எங்க இருக்கான்? ஒருத்தராவது சொல்லுங்க."

அப்பா வேட்டியைச் சரிசெய்தார்; மாமா குழம்பில் பல்லைத் தேடினார். அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்து அப்பாவின் நெற்றியில் அடித்தாள், பிறகு தம்பியின் மண்டையில். ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது.

வீட்டுக்காரம்மா ஓடிவந்தாள். "இன்னாம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. வேத பாடம். முடிஞ்சிட்டு" என்றாள் அம்மா.

இன்று தேய்த்து முடித்த செம்பைக் கழுவிக் கவிழ்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நரகத்துக்கு அனுப்பியதில்லை.