ஊமத்தம் இலை யாருக்கு

முதல் தடவை என் மனைவி ஊமத்தம் இலை கேட்டபோது, யாருக்கு என்று கேட்டேன்.

"ஒரு பொம்பிளைக்கி" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளிடம் பூச்சு மருந்து கேட்டு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். யாருக்கு எங்கே புண், எங்கே வீக்கம் என்று அவள் என்னிடம் சொல்வதில்லை. நற்பிட்டிமுனையில் என் தம்பி செய்யும் வயலுக்குப் போகிற வழியில், வாய்க்கால் கரையில் ஊமத்தை அடர்ந்து நிற்கும். ஒரு பை நிறையப் பறித்து வந்து கொடுத்தேன். அது நச்சு இலை, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும் என்று சொன்னாள். கழுவினேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் யாருக்கோ மார்பு கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அதற்குத்தான் ஊமத்தம் இலையை வதக்கிக் கட்டுவார்கள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள், எழுதுங்க, பேர் மட்டும் போட வேணா என்றாள். அதனால் இதில் யாருடைய பெயரும் இல்லை.

மருதமுனையில் எங்கள் வீட்டின் பக்கத்துக் கொட்டிலில் இரண்டு தறிகள் இருக்கின்றன. இடுப்பில் கட்டும் சாரன் நெய்வது என் வேலை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சிகளுக்கு இராட்டையில் நூல் சுற்றித் தருவது அவள் வேலை. தறியின் மிதியில் வெறுங்கால் வைத்து மிதித்து மிதித்து என் குதிகால்கள் வெடித்து இரத்தம் வடியும். கலியாணமான புதிதில் அதற்காகத்தான் அவள் முதலில் மருந்து காய்ச்சினாள். வேப்பிலை, குப்பைமேனி, பச்சை மஞ்சள் மூன்றையும் இடித்துத் தேங்காயெண்ணெயில் போட்டு, இலையின் ஈரம் வற்றிச் சத்தம் அடங்கும் வரை சின்ன நெருப்பில் விடுவாள். பிறகு பழைய சாரன் துண்டால் வடித்து, சூடு ஆறுமுன் தேன்மெழுகைச் சீவிப் போட்டுக் கரைப்பாள். ஒரு சொட்டைப் பீங்கானில் விட்டுப் பார்த்து, அது உறைந்து விரலில் வழுக்கினால் பதம் சரி. ஜாம் போத்தல்களில் ஊற்றி வைப்பாள்.

மருந்துத் தட்டுப்பாடு வந்த வருஷம் பாமசிகளில் சாதாரண ஓயின்ட்மென்ட் கூடக் கிடைக்கவில்லை. கரைவலை இழுக்கிறவர்கள் கயிறு அறுத்த கையோடு பெரியநீலாவணையிலிருந்தெல்லாம் வந்தார்கள். பிள்ளைகளின் சிரங்குக்குக் கேட்டு வந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவளுடைய மருந்துக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. நானும் தெருவில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதற்கடுத்த வருஷம் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஊமத்தம் இலை இரண்டாம் தடவையும் கேட்டாள், மூன்றாம் தடவையும் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் மாறவில்லையா என்று கேட்டதற்கு, கொஞ்சம் குறைவுதான் என்றாள். அந்த நாட்களில் இராட்டை அடிக்கடி நின்றது. நான் தறியில் இருந்தபடி, வலது கையால் சுற்றுகிறவள் இடது கைக்கு மாறுவதையும், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதையும் கண்டேன். தோள் உளைவு என்றாள். அவளுடைய மருந்தையே பூசிக்கொள்ளச் சொன்னேன். பூசுறன் என்றாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து, நகவெட்டியைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சேலைகளுக்குப் பின்னால் ஒரு தயிர்க் கோப்பை இருந்தது. உள்ளே கறுத்த பச்சையில் களிம்பு, பாதிக்கு மேல் விரலால் வழித்தெடுத்திருந்தது. பக்கத்தில் அதே நிறம் ஊறிப்போன துணிக் கீலங்கள் மடித்து வைத்திருந்தன. கொஞ்சம் உள் சட்டையிலும் பட்டிருந்தது. அந்தச் சட்டை அவளுடையது.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஈரத் தலையோடு வந்தவள் என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். மகள் அடுத்த அறையில் தையல் மெசினில் இருந்தாள்.

"எத்தின மாசம்?" என்று கேட்டேன்.

"நோன்புக்கு முன்னுக்கு."

அப்போது ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அவள் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். வலது மார்பில், அக்குளுக்குக் கிட்ட, தோலுக்கு அடியில், ஒரு கஜு முந்திரிக்கொட்டை அளவில் கட்டி இருந்தது. அழுத்தினால் அசையவில்லை. மேலே இருந்த தோல் இலைச் சூட்டில் வெந்து கறுத்து உரிந்திருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடச் சொன்னேன். அவள் அதற்கு ஆயத்தமாகவே பதில் வைத்திருந்தாள்.

"கலியாணம் முடியட்டும். பொறவு நீங்க சொல்ற எடத்துக்கு வாறன்."

மகளின் நிக்காஹுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருதுப் பொடியன், கல்முனையில் போன் திருத்துகிற கடையில் வேலை. இந்த மார்புக் கட்டி வருத்தம் தாயிலிருந்து மகளுக்கு வரும் என்று ஊரில் கதைக்கிறார்கள், கேள்விப்பட்டால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள், பிறகு இந்தப் பெண்ணுக்கு யார் வருவார் என்பதுதான் அவளுடைய பயம். நான்கு மாதம் பொறுத்தவளுக்கு மூன்று கிழமை பொறுக்க ஏலாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

நான்கு நாள் அந்த வாக்கைக் காத்தேன். தறியில் இருந்தால் கரைக் கோடு மாறிப் போனது. நெய்ததைப் பிரித்தேன், திரும்ப நெய்தேன், திரும்பப் பிழைத்தது. அவள் இராட்டையில் இருக்கும் போது அவளைப் பார்ப்பேன், அவள் நிமிர்ந்தால் பார்வையை மாற்றுவேன். மகள் கலியாண உடுப்புகளைக் கொண்டுவந்து காட்டும் போது இரண்டு பேரும் சிரித்தோம். இலை பறித்துக் கொண்டுவந்த கை என்னுடையது என்ற நினைப்பு என்னைத் தின்ன விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கல்முனையைத் தாண்டிச் சாய்ந்தமருதுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் கணவரைப் பறிகொடுத்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். முற்றத்தில் பாயில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். முன்னறிவித்தல் இல்லாமல் நான் வந்ததிலேயே ஏதோ என்று விளங்கியிருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு வந்து, முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, இதனால் வேண்டாம் என்று நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். வெளியே காகம் கருவாட்டில் வந்து குந்தியது. அவர் எழுந்து விரட்டவில்லை.

"ஒங்கட மகளுக்குத் தெரியுமா?"

"இல்ல ராத்தா."

"நீங்க இஞ்ச வந்தது ஒங்கட பொஞ்சாதிக்கி?"

"தெரியா."

"அப்ப நீங்க செய்தது பிழை தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவ மறைச்சது அவட வருத்தம். அத நீங்க என்னட்டக் கொண்டு வந்திருக்கக் கூடா."

இனி என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

"நாளைக்கே அவவக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "நிக்காஹ் குறிச்ச நாளையில நடக்கும். அன்டைக்கி அவ ஆஸ்பத்திரியில இரிந்தா, வந்த பொறவு நடக்கும். என்ட மகன்ட்ட நான் கதைக்கிறன்."

வரும் வழியில் கண் கலங்கி ரோட்டுத் தெரியவில்லை. பெரிய சுமை இறங்கிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். அவர்கள் ஒத்துக்கொண்டதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் மாற்றம் வரவில்லை.

"அவங்க வாணா எண்டு சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

ஆய்ந்த வேப்பிலையைத் தள்ளி வைத்தாள்.

"வாக்குத் தந்த நீங்க. இனி என்னோட கதைக்க வாணா."

அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. அன்று பின்னேரமே மகளை அறைக்குள் கூப்பிட்டுத் தானே எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுத சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. அடுத்த நாள் மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளும் மகளும் பின்னால், நான் சாரதிக்குப் பக்கத்தில்.

பெண் டாக்டர்தான் பார்த்தார். வெந்திருந்த தோலைக் கண்டதும் என்ன பூசியது என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். ஊமத்தம் இலை, எண்ணெய், மெழுகு என்று நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இலையை யார் கொண்டுவந்தது என்று டாக்டர் கேட்கவில்லை. ஆனாலும் நான் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அவர் ஏசவில்லை. தோல் கொஞ்சம் ஆறட்டும், அது வரை எதுவும் பூச வேண்டாம் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். தோல் ஆறிய பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர நாள் எடுக்கும் என்றார்கள்.

அந்த நாட்களைப் போல நான் வேறெதையும் அனுபவித்ததில்லை. வீட்டில் கலியாண வேலை. பலகார வாசம், பந்தல்காரர், சாமான் கொண்டுவருகிறவர்கள். இத்தனைக்கும் நடுவில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நடமாடினாள். வாப்பாக்குச் சோத்தப் போடு, வாப்பாவப் பந்தல்காரனுக்குப் போன் எடுக்கச் சொல்லு என்று எல்லாம் மகள் வழியாகத்தான். மருந்து கேட்டு வந்தவர்களைக் கலியாணம் முடிய வரச்சொல்லி அனுப்பினாள். கிணற்றடியில் ஒரு நாள் அந்தத் தயிர்க் கோப்பையை அவள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவதைக் கண்டேன்.

முடிவு புதன்கிழமை வந்தது. நிக்காஹ் வெள்ளிக்கிழமை. டாக்டர் சொன்னதை அவள் தலையை ஆட்டாமல் கேட்டாள். புற்றுநோய்தான், வெட்டி எடுக்க வேண்டும், மட்டக்களப்புக்குப் போக வேண்டும், பிந்தக் கூடாது. வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடியட்டும் என்று மட்டும் அவள் கேட்டாள். டாக்டர் போன் எடுத்துக் கதைத்து, செவ்வாய்க்கிழமை போய் வார்டில் நிற்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. பெண்ணின் பொறுப்பாளரான வலியாக இருந்து நான் கையொப்பமிட்டேன். பெண்கள் பக்கம் என்ன நடந்தது என்று மகள் பிறகு சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் வந்ததிலிருந்து போகும் வரை உம்மாவின் பக்கத்தை விட்டு எழும்பவில்லையாம். வலது பக்கமாக உட்கார்ந்து, கட்டிப்பிடித்து வாழ்த்த வந்த பெண்களையெல்லாம் அந்தப் பக்கம் அண்ட விடவில்லையாம்.

ஒப்பரேசன் அன்று வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் நானும் மகளும் மருமகனும் இருந்தோம். குர்ஆன் ஓதிக்கொண்டே இருந்தேன், இடையில் எந்த ஆயத்தில் நிற்கிறேன் என்று மறந்து திரும்பத் தொடங்கினேன். பின்னேரம் உள்ளே விட்டார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவள் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்தாள்.

"சாப்பிட்ட நீங்களா?"

இல்லை என்றேன். மருமகனைப் பார்த்து, மாமாவக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிடக் குடுங்க மகன் என்றாள்.

அக்குளில் ஒரு நிணமுடிச்சுக்கும் நோய் பரவியிருந்தது. மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது, பிறகு முளைத்தது. நான்கு மாதம் பிந்தியதால்தான் பரவியதா என்று நான் ஒரு டாக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன். சாய்ந்தமருதுக்குப் போனது சரியா என்பதிலும் எங்களுக்குள் இன்று வரை ஒத்த கருத்து இல்லை. சரியாக முடிந்ததால் அது சரியாகிவிடாது என்கிறாள். அவள் சொல்வதை நான் மறுப்பதில்லை.

இப்போதும் குதிகால் வெடிப்புக்கும் கயிறு அறுத்த கைக்கும் மருந்து காய்ச்சுகிறாள். வீக்கம், கட்டி என்று யாராவது வந்தால் கொடுப்பதில்லை. தையல் கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வரச்சொல்லி, இரண்டு பெண்களைத் தானே கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அவர்கள் யார் என்று எனக்குச் சொல்லவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் பரிசோதனை இருக்கிறது. அடுத்தது வருகிற செவ்வாய்க்கிழமை. கிளினிக் கொப்பியை மேசையில் எடுத்து வைத்துவிட்டாள். பரிசோதனை வரும் கிழமைகளில் நாங்கள் அதிகம் கதைத்துக்கொள்ள மாட்டோம். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று மட்டும் நேற்றுக் கேட்டாள். ஆறு மணிக்கு என்றேன்.