அட்டைப் பெட்டியும் மூன்று கையெழுத்தும்

அடுத்தவர் எழுதிய புரோகிராமை முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் ஏற்றி ஓடவைக்கிற வேலை, அடுத்த வீட்டுக் குழந்தையைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவது மாதிரி: பத்திரமாகத் திரும்பினால் யாரும் பாராட்டமாட்டார்கள், தொலைந்தால் நாம் தொலைந்தோம். இதில் ஒருமுறை மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எழுபதுகளின் நடுவில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தேன். புள்ளிவிவரக் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்று, வரிக்கு ஓர் அட்டை என்று துளை போட்ட ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளாக ஒரு பெட்டியில் இருந்தது. நகல் கிடையாது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு என்பதால், முதல் சில கட்டளை அட்டைகளை மட்டும் போகிற இடத்தில் புதிதாக அடித்துச் சேர்க்க வேண்டும். மெட்ராஸ் மெஷினில் புரோகிராம் ஓடியது என்பதற்கு ஒரு கையெழுத்து வாங்கியாயிற்று. செங்கல்பட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் வாங்கி வந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார் மேனேஜர். கேளம்பாக்கத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "வேலை பெர்மனென்ட்டா?"

பூஜையில் உட்கார்ந்த பெட்டி

செங்கல்பட்டு தொழிற்சாலைக்கு நான் போய் இறங்கியது சரஸ்வதி பூஜை அன்று. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் முனுசாமி என் பெட்டியை வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, படத்தின் முன்னால் புத்தகங்களோடு சேர்த்து வைத்துவிட்டார். பதறிப்போய்க் கை நீட்டினேன். "வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும் தம்பி. மெஷினே மாலை போட்டுகினு கம்முனு கீது, உனக்கு இன்னா அவசரம்?" என்றார்.

மறுநாள் காலையில் திறந்தால், பெட்டிக்கு மட்டுமல்ல, உள்ளே முதல் அட்டைக்கும் பொட்டு வைத்திருக்கிறார்! அவசரத்தில் அதைக் கவனிக்காமல், கட்டளை அட்டைகளையும் மாற்றாமல், அட்டை படிக்கும் ரீடரில் விட்டுத் தொலைத்தேன். சந்தனம் ஒட்டி, கரகரவென்று சத்தம் வந்து, அட்டை பாதி உள்ளே கிழிந்து நின்றது. என் உயிரும் அங்கேயே நின்றது. பின்னால் இருந்த ஆயிரம் அட்டைகளும் தப்பித்ததும், கிழிந்தது எப்படியும் மாற்ற வேண்டிய கட்டளை அட்டை என்பதும் அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. கட்டளை அட்டைகளைப் புதிதாக அடித்துப் போட்டேன், ஓடியது. முனுசாமி கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பூஜை போட்டதால ஒரு அட்டையோட போச்சு. போடலேன்னா இன்னா ஆயிருக்கும், யோசிச்சியா?"

எல்லம்மாவின் கூடை

அங்கிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய எல்லம்மா என்ற அம்மா, கழுவிய கூடையை என் மடியிலிருந்த பெட்டிமேல் வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனார். திருக்கழுக்குன்றம் தாண்டித்தான் என் வேட்டி நனைவது தெரிந்தது. பெட்டியைத் திறந்தேன். ஓரத்தில் முப்பத்தொரு அட்டைகள் ஊறியிருந்தன. ஊறின அட்டையை எந்த ரீடரும் தின்னாது. வாய்விட்டே அழுதுவிட்டேன்.

இறங்கியதும் அந்த அம்மா என்னை விடவில்லை. டச்சுக் கோட்டையின் இடிந்த சுவர்மேல் அட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல் வைத்தார். கடல் காற்றில் ஒன்று பறந்தாலும் என் கல்யாணமும் பறந்துவிடும். அவரோ ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் போட, அட்டைகள் முன்பின்னாகக் கலந்தன. நல்லவேளை, அட்டைக் கட்டின் பக்கவாட்டில் மூலைக்கு மூலை சாய்வாக மையில் ஒரு கோடு இழுத்துவைப்பது எங்கள் தொழிலின் பழக்கம். கோடு நேரானால் வரிசையும் நேர். எண்ணினேன், முப்பத்தொன்றும் இருந்தன. "புரட்டாதீங்கம்மா" என்று நான் கெஞ்சியதற்கு அவர் சொன்ன பதில்: "கருவாடே திருப்பிப் போட்டாத்தான் காயும் நைனா, உன் அட்டைக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?"

கேள்வி கேட்காத மெஷின்

சதுரங்கப்பட்டினத்தில் கடலளவை அலுவலகம். ஆபரேட்டர் கோதண்டம் அதிகம் பேசாத மனிதர். அங்கே டெலிடைப் என்ற தட்டச்சு மெஷினில் கட்டளை அடித்து, புரோகிராமுக்காக ஒரு டிஸ்க்கைத் துடைத்து இடம் ஒதுக்க வேண்டும். செங்கல்பட்டு மெஷின் "செய்யட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைக்கும். அந்தத் தைரியத்தில் வேகமாக அடித்தேன். ஒன்றாம் டிஸ்க் என்பதற்குப் பதில் பூஜ்யம் என்று விழுந்துவிட்டது. கேட்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. "முடிந்தது" என்று மட்டும் அடித்துவிட்டு நின்றது.

பூஜ்யம் டிஸ்க்கில்தான் மூன்று வருஷத்து அலை அளவுகள் இருக்கும் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். பலபேர் வெயிலில் கடலோரம் நின்று எடுத்த அளவு. என் ஒரு விரலால் போயிற்று. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கால் வரவில்லை. "சார், உங்க டிஸ்க்கை அழிச்சிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

கோதண்டம் நிதானமாக அலமாரியைத் திறந்து, இட்லிப் பானை அளவு டிஸ்க் ஒன்றைக் காட்டினார். அலை அளவுகள் அதில் பத்திரமாக இருந்தன. பூஜ்யத்தின் இடத்தில் மாட்டியிருந்து நான் துடைத்தது வெறும் காலி டிஸ்க். "மெட்ராஸ்லேர்ந்து எவன் வந்தாலும் காலியைத்தான் மாட்டி வெப்பேன். பொண்ணு பாக்க வர்றவன் கையில பீரோ சாவியையா குடுப்பாங்க?" என்றார். புரோகிராமை ஏற்றினோம், எல்லம்மா காயவைத்த அட்டைகள் உட்பட எல்லாம் ஓடின. மூன்றாவது கையெழுத்துக்குக் கீழே அவர் ஒரு வரி எழுதினார். மெட்ராஸ் திரும்பியதும் அதை மேனேஜர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்: "இந்தப் பையன் ரொம்பப் பயப்படுகிறான், இனிமேலும் இவனையே அனுப்பவும்."

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் மாமனார் "கம்ப்யூட்டர்" என்று பெருமையாகச் சொன்னார். உண்மையில் நான் பயப்படுகிற வேலையில்தான் பெர்மனென்ட் ஆகியிருந்தேன்.