ஐஸ் அக்கா கேட்காத மன்னிப்பு

கல்லூரி மைதானத்தில் அவளுக்கு ‘ஐஸ் அக்கா’ என்றுதான் பெயர். அடிபட்ட வீராங்கனைகளுக்கு ஐஸ் வைத்து முதலுதவி செய்து, தேற்றி, மறுபடி ஓட வைப்பது பதினான்கு வருஷமாக அவள் வேலை.

இறுதி ஆட்டத்தில் கால்பந்து அணித் தலைவி இன்னொருத்தியோடு தலை மோதி விழுந்தாள். எழுந்தவளுக்கு எத்தனை கோல் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. ஐஸ் அக்கா அவளை வெளியே உட்கார வைத்தாள்.

“நல்லாத்தானே இருக்கா, உள்ள அனுப்புங்க!” என்று கோச் கத்தினார்.

“நீங்க தலைகீழா நின்னாலும் இன்னிக்கு இவ ஆட மாட்டா சார்.”

அணி தோற்றது. கோச் சொல்லை மீறியதற்கு விளக்கம் கேட்டு, விசாரணைக்கும் வரச் சொல்லி, மறுநாளே கல்லூரி முதல்வரிடமிருந்து ஐஸ் அக்காவுக்குக் கடிதம் வந்தது.

“ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போயேன்க்கா,” என்றான் தம்பி.

“தப்பு செஞ்சிருந்தா கேட்டிருப்பேன்டா.”

நேரே தன் தொழில் சங்கத்துக்குப் போனாள். வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான் சங்கம் என்று அதுவரை நினைத்திருந்தாள். ஆனால் சங்கச் செயலாளர் விசாரணைக்கே கூட வந்து உட்கார்ந்தார். தலையில் அடிபட்டவர் ஆடலாமா என்பதைக் காயம் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்ற சங்க விதியை வாசித்தார்.

“இவங்களத் தண்டிச்சா, நாளைக்கு எங்க ஆளுங்க யாரு சார் உண்மையச் சொல்லுவாங்க?”

அணித் தலைவிக்கு மூன்று வாரம் ஓய்வு என்ற டாக்டர் சீட்டையும் பார்த்துவிட்டு, முதல்வர் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். ஐஸ் அக்கா எழுந்திருக்கவில்லை.

“அந்த விதிய எங்க பணி உத்தரவுலயும் சேர்க்கணும் சார். எனக்கப்புறம் வர்றவங்க இப்படி அலையக் கூடாது.”

இரண்டு மாதம் நடையாய் நடந்து அதைச் சேர்க்க வைத்தாள். அடுத்த சங்கத் தேர்தலில் அவளும் நின்றாள்.